ஒரு போத்தல் நீட்டப்பட்டது

புஷ்பவல்லியிடம் புத்தகத்தை இரவல் கொடுத்தால் பத்திரமாகத் திரும்பி வரும். எழுதியவரின் மானம் திரும்பி வருமா என்பதுதான் சந்தேகம். பிரிக்பீல்ட்ஸ் வாசகர் வட்டத்தில் இப்படியொரு பேச்சு உண்டு. பூமாலைக் கடைக்கு மேல்மாடியில், மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, இருபது பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு நடத்துகிற கூட்டம் அது. ‘அண்மையில் வாசித்த நூல்’ என்று அதில் ஓர் அங்கம். ஆளுக்குப் பத்து நிமிடம். மற்றவர்கள் எழுந்து நின்று, அருமையான நூல், கண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வடைக்குப் போய்விடுவார்கள். புஷ்பவல்லி அப்படி விடுகிற ஆள் இல்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறப்பாள். “இந்த நாவல்ல நாப்பத்தோரு எடத்துல மழ பெய்யுது. ஒரு எடத்துலகூட துணி காயலன்னு யாரும் கவலப்படல” என்பாள். எழுதியவர் கூட்டத்தில் இருந்தால் அன்றைக்கு அவருக்கு வடை இறங்காது.

அவளுக்கு வயது ஐம்பத்தாறு. கிள்ளானில் மூன்றாவது மாடி பிளாட்டில் தனியாக இருக்கிறாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் முப்பத்தோரு வருஷமாக மருந்து கொடுக்கிற கவுண்டரில் வேலை. காலையில் கொமியுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல், சாயங்காலம் திரும்ப அதே அளவு. ரயில் தாமதமென்று மற்றவர்கள் முணுமுணுக்கும்போது இவள் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். இன்னும் இருபது பக்கம் கிடைத்ததே என்று இருப்பாள். அவள் படித்ததெல்லாம் அந்த இருப்பில்தான். பள்ளிக்கூடம் ஐந்தாம் பாரத்தோடு முடிந்துபோனது.

கவுண்டரில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மருந்துப் பொட்டலத்தில் எழுதியிருப்பதை வாய்விட்டு இரண்டு தடவை படித்துக் காட்டுவாள், பிறகு நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்வாள். அவசரத்தில் இருப்பவர்கள் எரிந்து விழுவார்கள். விழட்டுமே. இன்னொரு வழக்கமும் உண்டு. ‘மருந்து குடி’ என்று அவள் வாயிலிருந்து வராது. இருமல் தண்ணியாக இருந்தாலும் ‘சாப்பிடுங்க’ என்றுதான் சொல்வாள். சிரப்பை எப்படிக்கா சாப்பிடுறது, கடிச்சா என்று கிண்டல் பண்ணாத ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை.

அதில் கிண்டலுக்கு ஒன்றுமில்லை. எஸ்டேட் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த இரண்டு சொல் எப்படிக் கேட்கும் என்று தெரியும். மருந்து என்று மொட்டையாகச் சொன்னால் அங்கே அது புல்லுக்கு அடிக்கிற மருந்து. ‘அவ மருந்து குடிச்சிட்டா’ என்று தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் ஒருத்தர் சொன்னால், யாரும் என்ன வியாதி என்று கேட்கமாட்டார்கள். பாயை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

கிள்ளானுக்கு வடக்கே ஒத்தப்பாலத் தோட்டம் என்று நம் ஆட்கள் பேர் வைத்திருந்த ஒரு தோட்டம். இன்றைக்கு அங்கே வரிசை வீடுகளும் ஒரு பேரங்காடியும் இருக்கின்றன. எழுபத்தாறாம் வருஷம், புஷ்பவல்லிக்கு எட்டு வயது. ஒரு நாள் சாயங்காலம் அவள் அப்பா சன்னாசி அம்மாவை அறைந்தார். குழம்பில் உப்பு கூடிப்போனதற்காக ஓர் அறை, அவ்வளவுதான் விஷயம். பக்கத்து வீடு நாலும் கேட்டது. மறுநாள் அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா வீரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். முதல் மணி முடிவதற்குள் யாரோ வந்து இவளைக் கூப்பிட்டுப் போனார்கள். அம்மாவை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லயம் முழுக்க ஒரே பேச்சு. வீரம்மா மருந்து குடிச்சிட்டாளாம்.

அடித்தான், குடித்துவிட்டாள். கணக்கு நேராக இருந்தது. போலீஸ் சன்னாசியைக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து அடித்து அனுப்பியது. அவரும் இல்லையென்று சொல்லவில்லை. அம்மாவின் தங்கை லெட்சுமி சின்னம்மா கிள்ளானிலிருந்து வந்து புஷ்பவல்லியைக் கையோடு கூட்டிப்போனாள். கொலைகாரன் வீட்டில் என் அக்கா பிள்ளை இருக்கக்கூடாது என்று நடு லயத்தில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அன்றிலிருந்து புஷ்பவல்லி ‘அப்பா’ என்ற சொல்லையும் விட்டுவிட்டாள். பெண் பார்க்க வந்த மூன்று பேரும் விசாரித்துவிட்டுத் திரும்பி வரவேயில்லை. மருந்து குடித்தவள் மகள் என்றால் எந்த மாமியார்தான் அடுப்படியில் நிம்மதியாக இருப்பாள். அந்த வயிற்றெரிச்சலையும் சேர்த்து சன்னாசியின் தலையில்தான் போட்டாள்.

அவளுடைய நோட்டில் பதினொரு புத்தகங்களின் பேருக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி இருக்கும். ‘வாசிப்பு நிறைவு பெறவில்லை’ என்று எழுதியிருப்பாள். எல்லாம் நல்ல புத்தகங்கள். வட்டத்தை நடத்துகிற திருச்செல்வம், இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எதற்காக இந்தப் பதினொன்றை மட்டும் பாதியில் மூடினாள் என்று மண்டையைக் குடைந்துகொள்வார். பதினொன்றிலும் ஏதோ ஒரு பக்கத்தில் ஏதோ ஒரு பெண் விஷம் குடிக்கிறாள். அதை அவரிடம் போய் எப்படிச் சொல்வது.

தோட்டத்தை விற்று லயத்தை இடித்தபிறகு சன்னாசி எங்கெங்கோ இருந்தார். கோயில் மண்டபத்தில் படுத்திருந்தார் என்று சொன்னார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கை போனது. காப்பார் போகிற சடக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் யாரோ சேர்த்தார்கள். சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்று தேடிப் பிடித்து இவளைக் கூப்பிட்டார்கள். போனாள், கையெழுத்துப் போட்டாள். படிவத்தில் உறவு என்ற கட்டத்தில் ‘தெரிந்தவர்’ என்று எழுதினாள். எழுதும்போது கை கொஞ்சமும் கூசவில்லை என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

மாதம் ஒரு முறை பிஸ்கட்டும் டயப்பரும் வாங்கிக்கொண்டு போவாள். வாசலிலேயே நின்று பராமரிப்புக்காரி புனிதாவிடம் கொடுத்துவிட்டு, கட்டில் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடுவாள். அவரும் கூப்பிடமாட்டார். புனிதா வாயாடி, ஆனால் நல்ல மனசு. உங்க ஆளு தங்கமான ஆளுக்கா என்பாள். பக்கத்துக் கட்டில் தாத்தா இருமல் மருந்து எரிகிறது, வேண்டாம் என்று அடம்பிடித்தால் சன்னாசிதான் சமாதானம் பண்ணுவாராம். மருந்துன்னா எரியத்தான் செய்யும், குடி என்பாராம். அந்தத் தாத்தா உடனே வாயைத் திறந்துவிடுவாராம். புஷ்பவல்லி அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதில்லை.

இந்த வருஷம் தைப்பூசம் முடிந்து ஒரு வாரம் கழித்து திருச்செல்வம் அவளிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். ‘எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு ஆண்டுகள்’. எழுதியவர் ராதாகிருஷ்ணன், தோட்டங்களில் டிரசராக இருந்தவர். டாக்டர் இல்லாத தோட்டத்தில் ஊசி போடுவதும் மருந்து கலப்பதும் பிரசவம் பார்ப்பதும் டிரசர்தான். வயது எண்பத்தாறு. சொந்தச் செலவில் போட்ட புத்தகம். அடுத்த கூட்டத்துக்கு அவரே வருகிறார், நீதான் பேச வேண்டும், பெரியவரைக் கொஞ்சம் பார்த்துப் பண்ணும்மா என்று திருச்செல்வம் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

முதல் நூறு பக்கத்தில் அவளுக்கு இருந்தது வழக்கமான எரிச்சல்தான். மனிதர் ஒரு காரியத்தையும் தான் செய்ததாக எழுதவில்லை. ஊசி போடப்பட்டது. குழந்தை எடுக்கப்பட்டது. துரைக்குத் தெரிவிக்கப்பட்டது. நோட்டில் எண்ணிக்கொண்டே வந்தாள். ‘ஆசிரியர் செயப்பாட்டுவினைக்குள் ஒளிந்துகொள்கிறார்’ என்று ஒரு வரி எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டாள். கூட்டத்தில் சிரிப்பு வரும் என்று தெரியும்.

ஒரு புதன்கிழமை காலை, ரயில் சுபாங் ஜெயாவைத் தாண்டும்போது, நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் வந்தது.

‘எழுபத்தாறாம் ஆண்டில் ஒத்தப்பாலத் தோட்டத்தில் ஒரு துயரம் நிகழ்ந்தது. அன்று விடியற்காலை என் வீட்டு வாசலில் ஒரு சாஸ் போத்தல் நீட்டப்பட்டது. மூன்றாம் லயத்துப் பெண் ஒருவருக்கு வயிற்றுவலி. வயிற்றுவலிக்கான வெள்ளை மருந்து என எண்ணி, அருகிலிருந்த ஜாடியிலிருந்து மேலுக்குத் தேய்க்கும் வெள்ளை மருந்து ஊற்றப்பட்டது. பகல் பத்து மணிக்குள் அப்பெண் உயிரிழந்தார். தவறு உணரப்பட்டது. போத்தல் அப்புறப்படுத்தப்பட்டது. மருந்தைக் குடித்துவிட்டாள் என்று ஆபீசுக்குத் தெரிவிக்கப்பட்டது. அச்சொல் லயத்தில் வேறு பொருளில் புரிந்துகொள்ளப்பட்டது. அது திருத்தப்படவில்லை. பள்ளிச் சீருடையோடு அவருடைய மகள் லோரிக்குப் பின்னால் சடக்கு வரை ஓடிய காட்சி இன்றுவரை நெஞ்சிலிருந்து அகற்றப்படவில்லை.’

அடுத்த பத்தியில் அவர் பதவி உயர்வு பெற்று வேறு தோட்டத்துக்குப் போகிறார்.

புஷ்பவல்லி அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எத்தனை தடவை என்று மட்டும் எண்ணவில்லை. பிரிக்பீல்ட்ஸுக்கு இறங்க வேண்டிய கேஎல் சென்ட்ரல் வந்தது, போனது. கோலாலம்பூரே போனது. ரவாங்கில் ஒரு மலாய்க்காரப் பெண் அவள் தோளைத் தொட்டு, அக்கா, உடம்புக்கு முடியலையா என்று கேட்டபோதுதான் எழுந்தாள். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அன்று கிளினிக்குக்குத் தாமதமாகப் போனாள். நாள் முழுக்க ஒவ்வொரு போத்தலையும் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

அம்மா தன்னை விட்டுவிட்டுச் சாகவில்லை. வாழ்நாள் முழுக்க நெஞ்சில் கிடந்தது இந்த ஒன்றுதானே. எட்டு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒருத்தி எப்படி மருந்தைக் குடிப்பாள், நான் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லையா என்று கேட்டுக் கேட்டுப் புண்ணாகிப்போன இடம் அது. அம்மா வயிற்றுவலி போக வேண்டுமென்று மருந்து சாப்பிட்டாள். சாப்பிட்டவள், மகள் பள்ளி விட்டு வரும்போது எழுந்துவிடலாம் என்றுதான் இருந்திருப்பாள். புஷ்பவல்லி கிளினிக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்தபோது சன்னாசி நினைவுக்கு வந்தார். நாற்பத்தெட்டு வருஷம். ஓர் அறை விட்டதைத் தவிர அந்த மனுஷன் எந்தப் பாவமும் செய்யவில்லை. ஊர் கொலைகாரன் என்றது, மகள் தெரிந்தவர் என்று எழுதினாள், அவரும் அதை நம்பிக்கொண்டே கிழவனாகிவிட்டார். அவர் சாவதற்குள் இது அவர் காதுக்குப் போக வேண்டும். ஆனால் இவள் சொன்னால் நம்புவாரா. தோட்டத்து ஆளுக்கு டிரசர் ஐயா சொல்வதுதான் வேதம். அந்த வாயாலேயே ‘நான்’ என்று வரவேண்டும்.

கூட்டத்தன்று ராதாகிருஷ்ணன் கைத்தடியோடு மாடிப்படி ஏறி வந்தார். ஒடிந்து விழுகிற உடம்பு, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. பொன்னாடை போர்த்தினார்கள். உழைக்கும் மக்களின் வைத்தியர் என்று திருச்செல்வம் நாலு வார்த்தை பேசினார். பிறகு புஷ்பவல்லி எழுந்தாள். நோட்டைத் திறந்தாள். இந்தப் புத்தகத்தில் இருநூற்றுப் பதினாறு செயப்பாட்டுவினைகள் இருக்கின்றன என்றதும் எல்லாரும் எதிர்பார்த்த சிரிப்பு வந்தது. பெரியவரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் மடியில் விரித்து வைத்தாள்.

“ஐயா, இந்தப் பக்கத்த நீங்களே ஒரு தடவ வாசிங்க. ஊற்றப்பட்டதுன்னு வேணாம். யார் ஊத்துனா, அத சொல்லி வாசிங்க.”

பெரியவர் பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

“நீ யாரும்மா?”

“மூனாம் லயம் வீரம்மா மக. லோரி பின்னால ஓடுனது நான்தான்.”

கீழே பூக்கடையில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் மேலே கேட்டது. திருச்செல்வம் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். தேய்க்கிற மருந்தை நான் ஊற்றினேன் என்றார். தவறு என்று எனக்கு அன்றைக்கே தெரியும் என்றார். போத்தலை நான்தான் எடுத்து உடைத்துப் புதைத்தேன். ஆபீசுக்கு நான்தான் சொன்னேன். லயத்தில் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள் என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வந்து சொன்னபோது, நல்லதாகப் போயிற்று என்று நான் நினைத்தேன். நான் திருத்தவில்லை. கடைசி வரிக்கு வரும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. கூட்டத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

புஷ்பவல்லி விடவில்லை. இவ்வளவு தூரம் வந்த பிறகு இரக்கப்பட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. நீங்கள் ஒரு வரியைத் தாண்டிவிட்டீர்கள் என்றாள். ஒரு சாஸ் போத்தல் நீட்டப்பட்டது என்கிற வரி.

பெரியவர் பக்கத்தின் மேல் விரலை வைத்து அந்த வரியை மறைத்தார்.

“அத மட்டும் அப்படியே விட்டுடும்மா. அது நான் செஞ்சது இல்ல.”

“இத்தன வருஷம் ஒளிஞ்சது பத்தாதா ஐயா?”

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பரவாயில்லை என்று விட்டாள். கிழவன் கடைசிவரை ஒரு வரியைத் தனக்கென்று பதுக்கிவைத்துக்கொள்கிறான், இருக்கட்டும், எனக்கு வேண்டியது கிடைத்தாயிற்று என்று நினைத்தாள். வாசித்த மாதிரியே ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். பாக்கெட்டிலிருந்த நீலப் பேனாவை எடுத்து, ‘பட்டது’ எல்லாவற்றையும் அடித்து, கோணல் எழுத்தில் நான், நான், நான் என்று எழுதிக் கொடுத்தார். முதல் வரியைத் தொடவில்லை.

வடைக்கு நிற்காமல் கீழே இறங்கினாள். ரயிலில் உட்காரக்கூட இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லவேண்டியதுதான், அன்றைக்கு மத்தியானம் கிள்ளான் வரைக்கும் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஸ்டேஷனில் இறங்கி, லிட்டில் இந்தியாவில் ஒரு வேட்டி வாங்கினாள். அவருக்கென்று அவள் வாங்கிய முதல் துணி அது. கிராப் டாக்சி பிடித்து இல்லத்துக்குப் போனாள். முதல் வேலையாகப் புனிதாவிடம் பழைய படிவத்தைக் கேட்டு வாங்கி, ‘தெரிந்தவர்’ என்பதை அடித்துவிட்டு ‘மகள்’ என்று எழுதினாள். புனிதா அதைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பின்பக்கம் கையைக் காட்டினாள்.

சன்னாசி பின்பக்கம் நெகிழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் கிடந்தது. இவள் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததையே நம்பமுடியாமல் பார்த்தார். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று ரயிலில் எத்தனையோ யோசித்திருந்தாள், ஒன்றும் நினைவில்லை. வாசகர் வட்டத்தில் ஆரம்பிக்கிற மாதிரியே ஆரம்பித்தாள். நான் ஒரு புத்தகம் படித்தேன், நம்ம டிரசர் ஐயா எழுதியது, கேளுங்கள் என்றாள்.

டிரசர் ஐயா என்றதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். அவர் இருக்காரா என்று கேட்டார். இருக்கிறார், இன்றைக்குப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்றாள். நீல எழுத்துகளைக் காட்டினாள். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் குனிந்து பார்த்தார். அவள் மெதுவாக, கவுண்டரில் படித்துக் காட்டுவதைப்போல, ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தாள். வெள்ளை மருந்து. பக்கத்து ஜாடி. நான் ஊற்றினேன். நான் சொன்னேன். நான் திருத்தவில்லை. படித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

“அம்மா புல்லு மருந்தக் குடிக்கலப்பா. நீங்க அடிச்சதுக்காக அம்மா சாகல. உங்க மேல தப்பே இல்ல.”

அப்பா என்ற சொல் வாயில் வந்து விழுந்ததை அவளே தாமதமாகத்தான் கவனித்தாள். இதற்குத்தானே இத்தனை பாடு. அவர் அழுவார், கையைப் பிடித்துக்கொள்வார், தானும் அழலாம் என்று காத்திருந்தாள்.

சன்னாசி அழவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

“எந்தப் போத்தலு? சாஸ் போத்தலா?”

ஆமாம் என்றாள். விடியற்காலையில் டிரசர் வீட்டு வாசலிலா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் கேட்கிற விதம் அவளுக்குப் பிடிபடவில்லை. பெரட்டுக்கு முன்னாலயா என்று கேட்டார். ஆளெடுக்கிற மணி அடிப்பதற்கு முன்னால் என்று அர்த்தம். அது புத்தகத்தில் இல்லை என்றாள்.

“நான்தான் போனேன்.”

அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முந்தின சாயங்காலம் அடிச்சிட்டோமேன்னு இருந்துச்சு என்றார். விடியகாலையில் அவள் வயிறு வலிக்குது என்றதும், தானே சாஸ் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு போய் டிரசர் வீட்டுக் கதவைத் தட்டினாராம். ஐயா தூக்கக் கலக்கத்தோடு வந்து ஊற்றிக் கொடுத்தாராம். பிள்ளை எழுவதற்கு முன்னாலேயே கொண்டுவந்து கிளாசில் ஊற்றித் தன் கையாலேயே கொடுத்தாராம். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அப்படி ஏதும் செய்ததில்லையாம். அதற்குப் பிறகு வேலைக்குப் போய்விட்டாராம். தான் போனதற்குப் பிறகு அவள் புல்லு மருந்தை எடுத்துக் குடித்துவிட்டாள் என்றுதான் இதுநாள் வரை நினைத்திருந்தாராம்.

“எரியுதுன்னா. நெஞ்செல்லாம் எரியுது, வேணாம்னா. மருந்துன்னா எரியத்தான் செய்யும், குடின்னேன். இன்னொரு கிளாசும் ஊத்திக் குடுத்தேன். எனக்காகக் குடிச்சா.”

புஷ்பவல்லிக்கு அப்போதுதான் அந்த விரல் ஞாபகம் வந்தது. வரியை மறைத்துக்கொண்டிருந்த கிழவரின் விரல். ஒளிந்துகொள்ளவில்லை அவர். இருநூற்றுப் பதினாறில் அந்த ஒன்றை மட்டும் இன்னொருத்தருக்காக எழுதியிருக்கிறார். இத்தனை புத்தகம் படித்தவளுக்கு, நீட்டியது யார் என்று கேட்கத் தோன்றவில்லை. அவரிடம் கேட்டிருக்கலாம், வேண்டாம், தன்னிடமே ஒரு நிமிடம் கேட்டிருக்கலாம். அம்மா படுத்திருந்தாள், இவளுக்கு எட்டு வயது, அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள். இதுவரை அறைந்த குற்றத்தோடு இருந்தார். அதையாவது ஊரில் நாலு பேர் செய்கிறார்கள். இப்போது அவள் கொண்டுவந்து கொடுத்தது வேறு. ஐயோ, நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள். இல்லைப்பா, உங்களுக்குத் தெரியாதுல்ல, ஐயா பண்ணுன தப்புதான என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்றாடினாள். சன்னாசி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டுவிட்டு, டிரசர் ஐயா நல்லவரு, அவரை ஒன்றும் சொல்லாதே என்றார்.

ஐந்து மணிக்குப் புனிதா தட்டோடு வந்தாள். பக்கத்துத் தாத்தா இருமல் மருந்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, சன்னாசி எப்போதும் சொல்வதைச் சொல்லுவார் என்று அவரைப் பார்த்தார். சன்னாசி சொல்லவில்லை. அவருக்கும் அன்றைக்கு நெஞ்சுச் சளிக்கு ஒரு மூடி மருந்து இருந்தது. புனிதா நீட்டினாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். ஏழு வருஷத்தில் ஒரு நாளும் இப்படிப் பண்ணியதில்லை என்று சொல்லி, இந்தாங்கக்கா, மக குடுத்தா குடிப்பாரு என்று போத்தலையும் மூடியையும் புஷ்பவல்லி கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

புஷ்பவல்லி போத்தலில் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தாள். திறந்து மோந்து பார்த்தாள். புனிதா ஊற்றியதைக் கொட்டிவிட்டுத் தானே ஒரு மூடி ஊற்றினாள். அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“மருந்து குடிங்கப்பா.”

சன்னாசி மூடியைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

“யாரு ஊத்துனது?”

“நான்தான்பா ஊத்துனேன்.”

அவர் வாயைத் திறக்கவில்லை.